கறுப்பு நாடா

பொய் சொல்வதில் இந்த வீட்டு அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை என்பதைப் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு வரலாம்.

அப்பா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள், ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். முப்பது தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும். அம்மா போய்ச் சேர்ந்து இது மூன்றாவது வருஷம். அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர், இரண்டு சாவி. இவர் எழும்போது அவள் கிளம்பியிருப்பாள், அவள் திரும்பும்போது இவர் தூங்கியிருப்பார்.

அம்மா போன புதிதில் பாப்பா லீவு மேல் லீவு போட்டு, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவருக்குத் தாங்கவில்லை. "எனக்கென்ன குறை, பார்க்ல ஒரு செட்டு சேந்திருக்கு" என்று ஒரு நாள் எடுத்துவிட்டார். மீசை, வக்கீல், டெய்லர் என்று மூன்று சிநேகிதர்கள் அன்றைக்கே பிறந்தார்கள்.

மூன்று பேருமே இந்த உலகத்தில் கிடையாது. ஆனால் பாருங்கள், ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறதே! மீசை எல்லாரையும் அதட்டுவார். வக்கீல் எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்பார். டெய்லர் சிரித்தால் மரத்திலிருக்கும் காக்காய் எல்லாம் பறந்துவிடும். போன மாதம் டெய்லருக்குக் கண் ஆபரேஷனே நடந்துவிட்டது. பாப்பா நல்ல சொட்டு மருந்தாகப் பார்த்து வாங்கி வந்து, "மறக்காம விட்டுக்கச் சொல்லுங்க" என்று கொடுத்தாள். அந்தப் பாட்டில் பிரிக்கப்படாமல் அவருடைய அலமாரியில், பனியன்களுக்கு அடியில் கிடக்கிறது.

பாப்பாவின் பொய் சின்னது. "வெளியூர்ல ஆறு மாச டிரெயினிங்ப்பா. போகட்டுமா?" என்று கேட்டாள். எந்த ஊர், என்ன டிரெயினிங் என்பதை முழுங்கிவிட்டாள்.

"தாராளமாப் போயிட்டு வா. எனக்கு என்ன ஆளா இல்ல?" என்றார் அப்பா.

அந்த மூன்று பேரை நம்பித்தான் அவள் பெட்டி கட்டினாள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இனி சனிக்கிழமை.

*

காலையில் அவர் சமையலறைக்கு வந்தபோது பாப்பா அங்கே நின்று டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு ஆச்சரியம். அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தே எத்தனையோ நாளாயிற்று.

"இன்னிக்கு டியூட்டி இல்லையா?"

"சாயந்திரம்தான். இப்ப ஒரு வேலையா வெளில போகணும்." டம்ளரை நீட்டினாள். "பார்க்குக்கா?"

"ஆமா. வக்கீல் இன்னிக்கு என்னமோ கேஸ் கொண்டு வராராம். மீசை ஜட்ஜு."

"டெய்லர் அங்கிளுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"பிரமாதம். எறும்பு போறதுகூடத் தெரியுதாம். நேத்து எறும்பைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாரு."

பாப்பா வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கலாம் போல இருந்தது. டீ இருந்தது, மகள் இருந்தாள், ஜன்னல் வழியாக வெயில் வேறு வந்துகொண்டிருந்தது. ஆனால் சிநேகிதர்கள் காத்துக்கொண்டிருக்கும் மனிதர் சமையலறையில் எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பார்க் இருப்பது இடது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பி பஸ் ஏறினார்.

ஊரைத் தாண்டி, பழைய டயர் கம்பெனிக் கிடங்கு ஒன்று இருக்கிறது. இப்போது அதில் ஒரு தொண்டு நிறுவனம். சண்டை நடக்கும் நாடு ஒன்றுக்கு மருந்தும் கருவிகளும் அனுப்புகிறார்கள். டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையும் அனுப்புகிறார்கள். உள்ளே நுழைந்தால் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். பஞ்சு, தையல் நூல், கையுறை, மயக்க மருந்துக் குப்பி. எல்லாமே எல்லாப் பெட்டியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பஞ்சு ஒரு பெட்டியில், நூல் ஒரு பெட்டியில் என்று அடுக்கினால் திட்டு விழும். ஏனென்றால் அனுப்புவதில் பாதிதான் போய்ச் சேருகிறது. எந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தாலும், அதை வைத்தே ஓர் ஆபரேஷனை முடித்துவிட வேண்டும்.

இந்தச் சட்டமெல்லாம் போட்டவர் சிஸ்டர். நர்ஸாக இருந்து, அந்தச் சண்டைக்குள் இரண்டு தடவை போய் வந்தவர். பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான்.

கண்டக்டர் முதலில் இங்கே வந்தது பெட்டி தூக்கத்தான். பஸ் ஸ்டாண்டில் "தன்னார்வலர்கள் தேவை" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். முதல் பெட்டியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"படுத்துக்கிட்டு வலியில கத்த முடியுமா உங்களால?"

"அது ஒண்ணுதாங்க முடியும்."

அன்றிலிருந்து அவர் சனிக்கிழமை நோயாளி. போகப்போகும் டாக்டர்கள் பழகுவதற்கு அடிபட்ட ஆள் வேண்டுமே! சிவப்புச் சாயத்தைப் பாகில் குழைத்து ஊற்றி, மெழுகில் காயம் செய்து ஒட்டி, சிமெண்டுத் தரையில் படுக்க வைத்துவிடுவார்கள். ஒரு வாரம் கால் முறிவு, ஒரு வாரம் வயிற்றில் குண்டுச் சிதறல். பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அல்லவா, அவர் கத்தினால் புது டாக்டர்களுக்குக் கை நடுங்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஆனால் அவர் வருவது அதற்காக இல்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு முகம் குனிந்து வரும். "எங்க வலிக்குது? சொல்லுங்க, நான் இருக்கேன்" என்று கேட்கும். ஒரு கை இவர் கையைப் பிடித்து நாடி பார்க்கும். அதற்காகத்தான் வந்தார். வாரம் முழுக்க அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பால் போடுகிறவர்கூடப் பையைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

முதல் நாள் சிஸ்டர், "வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டிருந்தார்.

"யாரும் இல்லைங்க" என்று வாயில் வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தார். பதில் தெரிந்தது. பிடிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டார்.

*

"இன்னிக்கு நீங்க கறுப்பு" என்றார் சிஸ்டர்.

"அப்படின்னா?"

"டாக்டர் வந்து, ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு நாடா கட்டுவாங்க. பச்சைன்னா நடக்கக்கூடிய ஆள். மஞ்சள்னா காத்திருக்கலாம். சிவப்புன்னா உடனே பாக்கணும். கறுப்புன்னா..." சிஸ்டர் மெழுகுக் காயத்தை அவர் தலையில் வைத்து அழுத்தினார். "என்ன பண்ணாலும் பிழைக்க மாட்டாரு. இவர்கிட்ட நின்னா பக்கத்துல இருக்கறவங்க செத்துடுவாங்க. விட்டுட்டுப் போகணும்."

"நான் என்ன செய்யணும்?"

"பேசக் கூடாது. முனகக் கூடாது. மூச்சு மட்டும் விட்டு விட்டு. டாக்டர் கிட்ட வந்ததும் கையைப் பிடிச்சுக்கங்க. பிடிச்சா விடக் கூடாது. அவங்களா உருவிக்கிட்டுப் போகணும். போனா பாஸ். போகலைன்னா இந்தத் தடவை அவங்க கிளம்ப முடியாது."

கண்டக்டரைப் பேசாதே என்று சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை! கண்ணையும் சேர்த்து முகம் முழுக்கக் கட்டுப் போட்டார்கள். மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருந்தன. அவருக்கு ஒரு பக்கம் கிடங்குக் காவல்காரர், மூச்சு முட்டுகிறவராக. மறுபக்கம் காலில் ரத்தம் பீறிடுகிற ஒரு ரப்பர் குழந்தை. ஒலிபெருக்கியில் குண்டுச் சத்தத்தைப் போட்டார்கள்.

முதலில் வந்தவன் ஓர் இளம் டாக்டர். கண்டக்டர் கையைப் பிடித்ததும் அவன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். காயத்தைக் கட்டினான், மூச்சுக் கொடுத்தான், "விட மாட்டேன், விட மாட்டேன்" என்றான். பக்கத்தில் காவல்காரர் இருமி இருமிச் செத்தே போனார். ரப்பர் குழந்தையும் போய்விட்டது.

சத்தம் நின்றது. "ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரை விட்டுட்டீங்க" என்றார் சிஸ்டர். "நீங்க நல்ல டாக்டர். ஆனா இப்ப அங்க போகாதீங்க. அடுத்த பேட்ச்ல வாங்க."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போவது கேட்டது. பாவம் பிள்ளை, எவ்வளவு அருமையாகக் கையைப் பிடித்துக்கொண்டான் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார். அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

மறுபடி குண்டுச் சத்தம். கதவு திறந்தது. செருப்புச் சத்தம் வேகமாக வந்து நின்றது.

"நான் டாக்டர். நான் பேசறது கேக்குதா?"



காலையில் டீ கொடுத்த குரல். இதே குரல்தான் டெய்லரின் கண்ணைப் பற்றிக் கேட்டது. வெளியூர், ஆறு மாதம், டிரெயினிங். அடிப்பாவி! இந்த வெளியூரா? சிஸ்டர் சொல்லும் கதைகளெல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடின. இடிந்த ஆஸ்பத்திரி. பாதியில் காணாமல் போகும் பெட்டிகள். அதற்குள்ளேயா என் பாப்பா?

எழுந்து உட்கார்ந்து ஒரு அதட்டுப் போட்டால் என்ன என்று தோன்றியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் அவர் மேல் குனிந்து, காதை அவர் மூக்கருகே வைத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கு வேலையே மூச்சைக் கேட்பதுதான். கண்டக்டருக்கோ, ஒரு காலத்தில் பஸ் திடீரென்று நின்று கம்பியில் மோதிக்கொண்டதில் மூக்கு கொஞ்சம் கோணல். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் சன்னமாக ஒரு விசில் வரும். பிறந்ததிலிருந்து அடுத்த அறையில் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே தூங்கிய பெண் இவள்.

அவர் மார்பின் மேலிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா?"

அவருக்கு மட்டும் கேட்டது. அவர் பேசவில்லை. பேசக் கூடாது என்பது சட்டம். கையைப் பிடித்துக்கொண்டார், அதுவும் சட்டம்தான். ஆனால் அவர் பிடித்த பிடியில் சட்டமும் இல்லை, நடிப்பும் இல்லை. போகாதே என்று பிடித்தார். நீ இங்கேயே நின்றால் பெயில், பெயிலானால் வீட்டில் இருப்பாய், இரு என்று பிடித்தார். கூட்டத்தில் ஆடும் பஸ்ஸில் இத்தனை வருஷம் கம்பியைப் பிடித்த கை அது.

"டாக்டர்... மூச்சு..." என்று காவல்காரர் பக்கத்தில் இழுத்தார். ஒலிபெருக்கியில் ஒரு குழந்தை அழுதது.

பாப்பா அசையவில்லை. அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டது.

பிறகு அவள் விரல் அவருடைய கட்டை விரலைத் தேடியது.

சின்ன வயதில் அவர் டியூட்டி முடிந்து வந்ததும் மூடிய கையை நீட்டுவார். உள்ளே ஒரு மிட்டாய் இருக்கும். முதலில் சுண்டு விரலைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்ப்பாள், நடக்காது. ஒரு நாள் அவளே கண்டுபிடித்தாள். கட்டை விரலைத் தூக்கிவிட்டால் மற்ற நாலும் தானாகத் திறந்துகொள்ளும்.

கட்டை விரலைத் தூக்கினாள். மற்ற நாலும் திறந்துகொண்டன.

மணிக்கட்டில் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு கெட்டியாக விழுந்தது. செருப்புச் சத்தம் நகர்ந்தது.

"நான் வந்துட்டேன். பயப்படாதீங்க. தலையைப் பின்னால சாய்ங்க. அப்படித்தான்." காவல்காரரிடம் அவள் குரல் தெளிவாக இருந்தது. "யாராவது ஒருத்தர் அந்தக் குழந்தைக்குத் தொடைக்கு மேல இறுக்கிக் கட்டுங்க. நான் சொல்றேன் எப்படின்னு."

கண்டக்டர் சிமெண்டுத் தரையில் கிடந்தார். முதுகு சில்லென்று இருந்தது. தன் மகள் இவ்வளவு கெட்டிக்காரி என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமை பொங்கியது. கூடவே அழுகையும் வந்தது. சாகக் கிடக்கிறவர் விசும்பினால் சிஸ்டர் திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணீரைக் கட்டுத் துணி உறிஞ்சிக்கொண்டது.

*

கிடங்குக்குப் பின்னால் ஒரு குழாய். கண்டக்டர் சோப்புப் போட்டு முகத்துச் சாயத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சிஸ்டரும் பாப்பாவும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"ஒரு நிமிஷம் தயங்கினீங்க டாக்டர். பாத்தேன். ஆனா விட்டுட்டுப் போனீங்க பாருங்க, அது போதும். திங்கக்கிழமை கிளம்பறோம்."

"சரி சிஸ்டர்."

"இவரை உங்களுக்குத் தெரியாதே? சனிக்கிழமைல நீங்க வந்ததில்ல. நம்ம கண்டக்டர். தங்கமான மனுஷன். பாவம், வீட்ல யாரும் கிடையாது. சனிக்கிழமை தவறாம வந்துடுவாரு."

சோப்பு கண்ணை எரித்தது. அவர் திறக்கவில்லை.

"யாரும் கிடையாதா?" என்றாள் பாப்பா.

"அவரே சொன்னாரு."



"இவரை நான் வீட்ல விட்டுடறேன் சிஸ்டர்" என்றாள் பாப்பா. "எனக்கும் அந்த வழிதான்."

"உங்களுக்கு நல்ல மனசு" என்றார் சிஸ்டர்.

*

மத்தியான பஸ். கூட்டமே இல்லை. இரண்டு பேர் சீட்டில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று இரண்டு பேருமே நினைத்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. அவர் காதுக்குப் பின்னால் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பாப்பா கைக்குட்டையை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள்.

"ரொம்ப இறுக்கிப் பிடிச்சீங்க" என்றாள்.

"சிஸ்டர் அப்படித்தான் பிடிக்கச் சொன்னாங்க."

ஒரு ஸ்டாப் போனது.

"யாரும் இல்லையாப்பா?"

"அட, அது சும்மா. குடும்பம் இருக்குன்னா, வயசானவரு, அடிகிடி பட்டா வீட்ல சண்டைக்கு வருவாங்கன்னு சேத்துக்க மாட்டாங்க. அதுக்குச் சொன்னது." சமாளித்துவிட்ட தைரியத்தில் குரலை உயர்த்தினார். "என்னை விடு. நீ செஞ்சது என்ன? டிரெயினிங்னியே? குண்டு விழற ஊருக்கா டிரெயினிங்?"

"டிரெயினிங்தான். நான் சொல்லிக் குடுக்கப் போறேன்."

"யாருக்கு?"

"அங்க மெடிக்கல் காலேஜே இல்லப்பா, இடிஞ்சு போச்சு. சொல்லிக் குடுக்கறவங்கள்ல பாதிப் பேர் போயிட்டாங்க, மீதிப் பேர் ஓடிட்டாங்க. ரெண்டாம் வருஷம் படிக்கிற பொண்ணு ஒருத்தி, புத்தகத்தைப் பக்கத்துல விரிச்சு வெச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுக்கறா. சிஸ்டர் குடுத்த நம்பர்ல போன் பண்ணி என்கிட்ட சந்தேகம் கேட்டா. அளவு கேட்டா. நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே லைன் போயிடுச்சு. அந்த ஆளு பிழைச்சாரா இல்லையான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது."



"உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"தெரியலப்பா." அவள் பொய் சொல்லவில்லை. "பயமாத்தான் இருக்கு."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பாப்பா அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். நிஜத்தைச் சொல்லணும். நீங்க தனியா இல்ல, உங்களுக்கு ஆள் இருக்குன்னுதான் நான் சம்மதிச்சேன். இல்லைன்னு சொல்லுங்க, இப்பவே சிஸ்டருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன். சத்தியமா. வருத்தப்பட மாட்டேன். பார்க்ல அவங்க இருக்காங்களா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமை காலையில் சமையலறையில் டீ இருக்கும், மகள் இருப்பாள், ஜன்னல் வெயிலும் இருக்கும். அவருக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் பிடிக்கவில்லை. டிவியை அணைத்தபின் வரும் அமைதி பிடிக்கவே இல்லை. பாப்பா போய்விட்டால் ஆறு மாதம் அந்த அமைதியோடு ஒண்டியாக மல்லுக்கட்ட வேண்டும். 

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் வந்துட்டேன், பயப்படாதீங்க" என்ற குரல் காதில் இருந்தது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணுக்கு யார் அப்படிச் சொல்வார்கள்?

"இல்லாம எங்க போவாங்க?" என்றார். "நேத்துக்கூட மீசைக்கும் வக்கீலுக்கும் பெரிய ரகளை. டெய்லர்தான் நடுவுல பூந்து பிரிச்சு விட்டாரு. நீ கேட்டிருக்கணும் அந்தக் கூத்தை!"

பாப்பா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"அப்ப நாளைக்குக் காலைல நானும் பார்க்குக்கு வரேன்."

"எதுக்கு?"

"மூணு பேரையும் பாக்கணும். எங்கப்பாவைப் பாத்துக்கங்கன்னு சொல்லணும். டெய்லர் அங்கிள் கண்ணை நானே பாக்கறேன். பாத்துட்டுத்தான் பெட்டியைத் தூக்குவேன். இல்லைன்னா தூக்க மாட்டேன்."

"வாயேன். வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார் கண்டக்டர். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

சாயங்காலம் பாப்பா டியூட்டிக்குக் கிளம்பினாள். கதவு சாத்தும் சத்தம் அடங்கியதும் அவர் அலமாரியைத் திறந்து, பனியன்களுக்கு அடியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்தத் தடவை இடது பக்கம் திரும்பினார்.

பார்க்கில் விளக்குப் போட இன்னும் நேரம் இருந்தது. ஒரு சுற்று வந்தார். அவரவருக்கு அவரவர் ஆள் இருந்தது. ஒரு பெஞ்சில் வயதானவர் இரண்டு பேர் ஒரே பேப்பரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் மீசை இல்லை. மீசை இல்லாத மீசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொரு சுற்று வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வேகமாக நடந்தார். பக்கத்தில் போவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சட்டைக் கையை இழுத்துவிடும்போதுதான் பார்த்தார், கறுப்பு நாடா இன்னும் மணிக்கட்டிலேயே இருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். பாப்பா போட்ட முடிச்சு, வரவில்லை.

பேப்பர்க்காரர்களின் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். பெஞ்சில் இன்னும் ஒருவர் உட்காரலாம். 'கொஞ்சம் தள்ளிக்கங்க, இன்னொருத்தர் உக்காரட்டும்' என்று எத்தனை ஆயிரம் பேருக்கு எத்தனை ஆயிரம் தடவை இடம் வாங்கிக் கொடுத்திருப்பார்! தனக்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை. 

அவர் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரில் ஒருவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"என்ன சார், யாரையாவது தேடறீங்களா?"

"மூணு பேரைத் தேடறேங்க" என்றார் கண்டக்டர். "நாளைக்குக் காலைக்குள்ள வேணும்."